அட்டா தீவின் ஆறு மாணவர்களை வேறொரு கோளில் இறக்கினால்: ஒரு நிகழ்வு ஆய்வு

பதின்ம வயதினர் சிலர் முன்பின் தெரியாத கோளில் மாட்டிக்கொள்ளும் அறிவியல் புனைகதைகள் மேல் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. விண்கலம் விழுந்த மறுநாளே யார் தலைவன் என்ற சண்டை தொடங்கிவிடும். அப்புறம் அந்தச் சண்டைதான் கதை. கோள் என்பது நாடக மேடையில் பின்னால் தொங்கும் ஓவியத்திரை மாதிரி. வானத்தில் இரண்டு நிலா இருக்கும், செடிகள் ஊதா நிறத்தில் இருக்கும், அவ்வளவுதான். மூச்சு விட முடிகிறது. ஓடைத் தண்ணீரைக் குடிக்க முடிகிறது. யாரோ ஒருவர் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்கிறார். உயிர் பிழைப்பதில் எது மிகக் கடினமோ அதை எழுத்தாளர் இலவசமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

இது வெறும் ரசனைப் புகாரா, இல்லை இதில் விஷயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு நிஜ நிகழ்வு உண்டு. 1965-இல் பசிபிக் தீவு நாடான டோங்காவின் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஆளில்லாத தீவு ஒன்றில் ஒதுங்கி, பதினைந்து மாதம் தாக்குப்பிடித்து, ஆறு பேருமே உயிரோடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவை எவை, அவற்றில் எவை பூமியை விட்டு வெளியே கிடைக்கும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

நடந்தது

தலைநகர் நுக்குவாலோஃபாவில் ஓர் ஆங்கிலிக்கன் உறைவிடப் பள்ளியில் படித்தவர்கள் அவர்கள். பள்ளி சலித்துவிட்டது. ஃபிஜிக்குப் போகலாம், முடிந்தால் நியூசிலாந்துக்கே போய்விடலாம் என்று திட்டம். 1965 ஜூன் மாதத்தில், தங்களுக்குப் பிடிக்காத ஒரு மீனவரின் 24 அடிப் படகைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு மூட்டை வாழைப்பழம், கொஞ்சம் தேங்காய், ஒரு சிறிய எரிவாயு அடுப்பு. வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று இரவே புயல் வந்தது. நங்கூரக் கயிறு அறுந்தது, பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் மிதந்தார்கள். மழைத் தண்ணீரைத் தேங்காய் ஓட்டில் பிடித்து, ஆளுக்குக் காலையில் ஒரு மிடறு, மாலையில் ஒரு மிடறு என்று பங்கு வைத்தார்கள். எட்டாம் நாள் அட்டா தீவு கண்ணில் பட்டது. அதற்குள் படகு பிளக்கத் தொடங்கியிருந்ததால் அதைக் கைவிட்டு, பலகைகளைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரை சேர்ந்தார்கள்.

அட்டா ஓர் எரிமலைத் தீவு. டோங்காவின் முதன்மைத் தீவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. உச்சி 355 மீட்டர். முதல் சில வாரங்கள் மோசமானவை. பச்சை மீன், கடற்பறவைகள், அவற்றின் முட்டைகள். குடிநீர் கிடைக்காதபோது பறவைகளின் இரத்தம். கரையோரம் கையாலேயே குகை தோண்டித் தங்கினார்கள். சுமார் மூன்று மாதம் கழித்து மேலே ஏறிப் பார்த்தபோதுதான் அவர்கள் தலையெழுத்து மாறியது. எரிமலையின் பழைய வாய்ப்பகுதியில் ஒரு கிராமத்தின் இடிபாடுகள் கிடந்தன. அங்கே சேப்பங்கிழங்கு தானாக முளைத்துக் கிடந்தது, வாழை இருந்தது, காட்டுத்தனமாகிவிட்ட கோழிகள் திரிந்தன.

அதன் பிறகு நடந்ததை நாகரிகம் என்றே சொல்லலாம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்தார்கள். மரத்தண்டுகளைக் குடைந்து மழைநீர் சேமித்தார்கள். ஒருமுறை மூட்டிய தீயை அணையவே விடவில்லை. கோழிகளுக்கு அடைப்பு, உடற்பயிற்சிக்கு ஓர் இடம், பாட்மின்டன் ஆட ஒரு களம். மிதந்து வந்த கட்டை, பாதித் தேங்காய் ஓடு, உடைந்த படகிலிருந்து எடுத்த ஆறு கம்பிகள், இவற்றைக் கொண்டு ஒரு கிட்டார். காலையும் இரவும் பாட்டும் பிரார்த்தனையும். சண்டை வந்தால், சண்டை போட்ட இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க் கோபம் தணியும்வரை சில மணி நேரம் இருக்க வேண்டும், அப்புறம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. ஒருவன் பாறையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். மற்றவர்கள் இறங்கிப்போய்த் தூக்கி வந்து, குச்சிகளும் இலைகளும் வைத்துக் கட்டினார்கள். எலும்பு ஒழுங்காகவே கூடியது. ஒரு தெப்பம் கட்டித் தப்பிக்கவும் பார்த்தார்கள். அலை அதை உடைத்துவிட்டது.

1966 செப்டம்பர் 11 அன்று, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் வார்னர் என்ற மீன்பிடிப் படகுக்காரர் அந்தப் பக்கம் வந்தார். பசுமையான பாறைச் சரிவில் கருகிய திட்டுகள் தெரிந்தன. ஈரமான அந்தத் தீவில் தீ தானாகப் பற்றாதே என்று அருகில் போனார். நீண்ட முடியோடு ஒரு பையன் நீந்தி வந்தான், பின்னால் மற்றவர்கள். வானொலியில் நுக்குவாலோஃபாவைக் கூப்பிட்டுப் பெயர்களைச் சொன்னபோது, அவர்களுக்கு இறுதிச் சடங்கே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்தி, மனிதர் இயல்பிலேயே நல்லவர் என்று முடிப்பார்கள். இருக்கலாம். ஆனால் ஆறு பேரின் நல்ல குணத்தைத் தின்று பதினைந்து மாதம் உயிர் வாழ முடியாது.

யாரோ விட்டுப்போனவை

அந்தக் கோழிகள் எங்கிருந்து வந்தன?

அட்டாவில் 1863 வரை மக்கள் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு, பெரு நாட்டின் தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் ஆள் பிடிக்கும் வியாபாரம் பசிபிக் தீவுகளைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். தாமஸ் மெக்ராத் என்பவர் தலைமையில் வந்த கிரீஷியன் என்ற கப்பல் அட்டாவில் நின்றது. வியாபாரம் செய்யலாம் என்று ஆசை காட்டித் தீவினரைக் கப்பலில் ஏற்றி, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். கடத்தப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. மிஞ்சியவர்களையும் இழக்கக் கூடாது என்று, டோங்கா மன்னர் முதலாம் ஜார்ஜ் டுப்போ அவர்களை எயுவா என்ற தீவுக்குக் குடிமாற்றினார். வீடுகள் இடிந்தன. நட்டுவைத்த கிழங்கும் வளர்த்த கோழியும் மட்டும் நூறு ஆண்டுகளாகத் தாமாகப் பெருகிக்கொண்டிருந்தன.

ஆக, அந்த ஆறு பேரும் தொடங்கியது வெறும் தரையிலிருந்து இல்லை. சேப்பங்கிழங்கு பசிபிக் தீவுகளில் தானாகத் தோன்றிய செடி கிடையாது. அதையும் கோழியையும் தோணிகளில் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகக் கொண்டுவந்தவர்கள் பொலினீசிய முன்னோர்கள். அந்த நீண்ட உழைப்பின் மிச்சம்தான் மூன்றாம் மாதத்தில் பையன்கள் கைக்கு வந்தது. அது இல்லாவிட்டால் பச்சை மீனையும் பறவை இரத்தத்தையும் நம்பி எத்தனை மாதம் ஓட்டியிருப்பார்கள்? முதல் மூன்று மாதத்தின் நிலையைப் பார்த்தால் பெரிதாக நம்பிக்கை வரவில்லை.

கோள் கதைகளிலும் இதற்கு நேரான ஓர் உத்தி உண்டு: கைவிடப்பட்ட தளம். முன்பு வந்த யாரோ விட்டுப்போன கூடாரம், உணவுக் கிடங்கு, பழுதான எந்திரம். விமர்சகர்கள் இதைச் சோம்பேறித்தனமான உத்தி என்பார்கள். அட்டாவைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைக்க வேண்டுமானால் அப்படி ஒன்று ஏறக்குறைய கட்டாயம். எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: தளம் ஏன் காலியாக இருக்கிறது? அட்டாவில் கோழியும் வாழையும் காத்திருந்ததற்குக் காரணம் ஒரு குற்றம். அங்கே போய் நிற்கும் இளைஞர்களுக்கு அது தெரிய வரும்போது அவர்கள் சாப்பிடும் சோற்றின் பொருளே மாறிவிடும். தலைவன் யார் என்ற சண்டையைவிட இதில் கதை அதிகம்.

பூமி கொடுத்தவை

இது இன்னும் பெரிய கணக்கு. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் எழுதுவதில்லை.

காற்றிலிருந்து தொடங்கலாம். அட்டாவில் யாரும் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. 21 சதவீத ஆக்சிஜன் இருந்தது. வேறு கோளில் அது 15 சதவீதமாக இருந்தால்? மனிதர் தாங்குவார். சுறுசுறுப்பு குறையும், மூச்சு வாங்கும், ஆனால் சாக மாட்டார். 2018-இல் தாய்லாந்துக் குகையில் மாட்டிக்கொண்ட கால்பந்துச் சிறுவர்கள் இருந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் நம் கடல்மட்ட அழுத்தத்தில் சுமார் 16 சதவீதத்துக்குக் கீழே போனால் விறகில் தீ நிலைப்பது மிகக் கடினம். அதாவது, பையன்கள் உயிரோடு இருப்பார்கள், அடுப்பு எரியாது. அட்டாவின் அணையாத தீயும் இல்லை, வார்னர் கண்ணில் பட்ட கருகிய திட்டும் இல்லை. மீட்பே நடந்திருக்காது. ஒரு கதைக்கு இந்த ஒரு எண் போதும்.

தீ என்பதே எவ்வளவு அபூர்வமான வசதி என்று பூமியின் வரலாற்றைப் பார்த்தால் தெரியும். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். காட்டுத்தீயின் அடையாளமான கரித்துண்டுகள் பாறைகளில் தென்படத் தொடங்குவது ஏறத்தாழ 42, 43 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எரிவதற்கு நிலத்தில் செடிகளும் வேண்டும், எரிய வைக்கக் காற்றில் ஆக்சிஜனும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைந்தது பூமியின் ஆயுளில் கடைசிப் பத்தில் ஒரு பங்குக் காலத்தில் மட்டும். காலத்தில் பின்னோக்கிப் போய் நம் பூமியிலேயே கண்ணை மூடிக்கொண்டு எங்காவது இறங்கினால், பெரும்பாலும் மூச்சுக்கே திண்டாட வேண்டியதுதான்.

அடுத்து உணவு. ஊதாப் பழத்தைக் கடித்துப் பார்க்கும் அந்தக் காட்சிக்கு வருவோம். புனைகதையில் பழம் நல்லதாக இருக்கும், இல்லாவிட்டால் விஷமாக இருக்கும். மூன்றாவதாக ஒரு வாய்ப்பு உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பயமானது. பூமியில் உள்ள உயிர்கள் எல்லாம் புரதம் கட்டப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் இடக்கை அமைப்பு கொண்டவை. சர்க்கரைகள் வலக்கை அமைப்பு. வேறு கோளின் உயிர்கள் இதற்கு நேர்மாறாக, கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருக்கலாம். குளுக்கோஸின் அந்த எதிர் வடிவத்தை ஆய்வகத்தில் செய்ய முடியும். நாக்குக்கு அது இனிக்கும். உடம்பால் அதை எரித்துச் சக்தியாக்க முடியாது. அப்படியானால் அந்தக் கோளில் பழம் தித்திக்கும், வயிறு நிறையும், யாருக்கும் வாந்திகூட வராது. ஆறு பேரும் சாப்பிட்டுக்கொண்டே மெலிவார்கள். யாரோ ஒருவர் ஒரு மாதம் கழித்து இடுப்பைத் தடவிப் பார்த்துக் கணக்குப் போடும்வரை காரணமே தெரியாது.

கைவாகு பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வைட்டமின்கள் இருக்கின்றன. மனித உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது. உணவில் அது வராவிட்டால் மூன்று மாதத்துக்குள் ஸ்கர்வி தலைகாட்டும்: ஈறு வீங்கும், பழைய புண்கள் திறக்கும். நம் செடிகள் அந்த வேதிப்பொருளைச் செய்வது அவற்றின் சொந்தத் தேவைக்காக. வேறு சூரியனின் கீழ் வளரும் செடிக்கு அதைச் செய்ய ஒரு காரணமும் கிடையாது. அட்டாவில் கால் உடைந்த பையனுக்கு எலும்பு கூடியது என்றேனே, எலும்பு கூடுவதற்கான கொலாஜன் என்ற புரதத்துக்கும் இதே வைட்டமின் வேண்டும். நல்ல கட்டு போட்டது நண்பர்களின் திறமை. எலும்பு கூடியதற்கு, தீவின் உச்சியில் முளைத்திருந்த தோட்டமும் ஒரு காரணம்.

பகல், இரவு என்பதும் பூமி கொடுத்ததுதான். காலையில் ஒரு மிடறு, மாலையில் ஒரு மிடறு என்று படகில் பங்கு வைத்தார்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களில் நமக்கு மிக அருகில் உள்ள புராக்சிமா பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அறிவிக்கப்பட்டது, தொலைவு 4.2 ஒளியாண்டு. தன் விண்மீனைச் சுமார் 11 நாளில் ஒருமுறை சுற்றி முடிக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள், நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, விண்மீனுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே காலையும் இல்லை, மாலையும் இல்லை. சூரியன் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். பங்கு, காவல் முறை, தூக்கம், பிரார்த்தனை நேரம் எல்லாம் எதை வைத்து? கடிகாரம் நின்றுபோன அன்றைக்கு அந்தக் குழுவுக்குள் முதல் விரிசல் விழும். தனக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவரும் நேர்மையாகவே நம்புவார்கள்.

அவர்கள் கொண்டுபோனவை

மூன்றாவது பங்கு அந்த மாணவர்களுடையது. இதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மீன் குத்தத் தெரியும், குச்சியை உரசித் தீ மூட்டத் தெரியும், கிழங்கை எப்படி நட வேண்டும் என்று தெரியும். தீவுகளில் வளர்ந்த பிள்ளைகள். 2023-இல் கொலம்பியாவின் அமேசான் காட்டில் விமானம் விழுந்து, தாயும் மற்ற பெரியவர்களும் இறந்துபோக, நான்கு குழந்தைகள் 40 நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மூத்தவளுக்கு வயது 13, கடைசிக் குழந்தை தவழும் பருவம். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவு தீர்ந்த பிறகு அவர்களைக் காப்பாற்றியது எந்தக் காயைத் தின்னலாம் என்ற அறிவு. உயிட்டோட்டோ பழங்குடிப் பிள்ளைகள் அவர்கள். அதை வீட்டிலேயே கற்றிருந்தார்கள்.

இரண்டு நிகழ்விலும் இளைஞர்கள் அந்த இடத்துக்கு அந்நியர் கிடையாது. அட்டாவும் டோங்காதான். அமேசான் அந்தக் குழந்தைகளுக்குச் சொந்தக் காடு. முன்பின் தெரியாத கோளில் இந்த அறிவுக்கு மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது மட்டும் இல்லை, தவறான தன்னம்பிக்கை தரும். நம் ஊர்ப் பழம் போலத்தான் இருக்கிறது என்று கை வைப்பவன் ஆபத்தானவன். எதையும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே பொருளை, ஒரே ஆள், கொஞ்சமாகச் சோதித்து எழுதி வைக்கும் பொறுமைசாலிதான் அங்கே பிழைப்பான். கதாநாயகனாக்குவதற்குச் சலிப்பான குணம்தான். நல்ல எழுத்தாளர் கையில் சலிக்காது.

கோளுக்கும் கூட வரக்கூடியது அவர்களுடைய பழக்கங்கள். இரண்டிரண்டு பேராக முறை வைப்பது, சண்டைக்குப் பின் விலகி இருந்து திரும்பி வருவது, சேர்ந்து பாடுவது. உறைவிடப் பள்ளியும் கூட்டுக் குடும்பமும் தேவாலயமும் சேர்ந்து ஊட்டிய பழக்கங்கள் இவை. இவற்றுக்கு ஆக்சிஜன் அளவு தேவையில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் அதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் 1991 செப்டம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை வாழ்ந்தார்கள். எல்லாரும் பெரியவர்கள், விரும்பி உள்ளே போனவர்கள். வேறு கோளில் குடியேறுவதற்கு ஒத்திகை என்ற எண்ணமும் அதன் பின்னால் இருந்தது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆக்சிஜனை இழுத்தன. அவை வெளியிட்ட கரியமில வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால், கணக்கு எங்கே இடிக்கிறது என்றே கொஞ்ச காலம் பிடிபடவில்லை. ஆக்சிஜன் சுமார் 14 சதவீதத்துக்கு இறங்கி, கடைசியில் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. விளைச்சல் போதாமல் எல்லாரும் இளைத்தார்கள். குழு நான்கு, நான்காகப் பிளந்தது; முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுபோனது. ஆனாலும் வேலைகளைக் கைவிடவில்லை, இரண்டு ஆண்டை முடித்துத்தான் வெளியே வந்தார்கள்.

இதைப் படித்த பிறகு, கதைகளில் வரும் அந்தத் தலைமைச் சண்டையை நான் முழுதாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சண்டை வரும். ஆனால் அது இரண்டாம் நாள் வராது, கெட்ட குணத்தால் மட்டும் வராது. பல மாதப் பசியும் குறைந்த காற்றும் கெட்ட தூக்கமும் சேர்ந்து, நல்லவர்களிடையே மெதுவாக வரும். அட்டாவில் மேலே ஏறிய பிறகு வயிறு நிறைந்தது, காற்று முழுதாக இருந்தது. பயோஸ்பியரில் இரண்டும் இல்லை. ஒரு பக்கம் படிப்பும் பயிற்சியும் உள்ள பெரியவர்கள், மறுபக்கம் பள்ளியை வெறுத்து ஓடிவந்த பையன்கள். ஒற்றுமையாக இருந்தது யார் என்று பார்த்தால், கோளைப் பின்னணி ஓவியமாக வைக்கும் கதைகள் ஏன் நம்பும்படி இல்லை என்பது புரியும். மனிதர்களின் குணம் மாறுவதற்கான காரணத்தையே அவை கதையிலிருந்து எடுத்துவிடுகின்றன.

மீட்ட பிறகு

புனைகதைகள் மீட்புக் கலம் இறங்குவதோடு முடிந்துவிடும். அட்டா நிகழ்வு அதற்கு மேலும் கொஞ்சம் போகிறது. நுக்குவாலோஃபாவில் இறங்கியதும் ஆறு பேரையும் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. படகைப் பறிகொடுத்தவர் பதினைந்து மாதம் கழித்தும் புகாரை விடவில்லை. அவர்கள் கதையைப் படமெடுக்கும் உரிமையை வார்னர் ஓர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கு விற்று, 150 பவுண்டு கொடுத்துப் படகின் கடனைத் தீர்த்தார். பையன்கள் வெளியே வந்தார்கள்.

கோளிலிருந்து திரும்புகிறவர்களுக்குப் படகுக்காரர் இருக்கிறாரோ இல்லையோ, தனிமைப்படுத்தல் கட்டாயம் இருக்கும். உயிரே இல்லாத நிலவில் ஒரு நாள்கூட முழுதாகத் தங்காத அப்பல்லோ 11 குழுவை, 1969-இல் மூன்று வாரம் அடைத்துத்தான் வைத்தார்கள். உயிர்கள் நிறைந்த ஒரு கோளின் மண்ணைத் தின்று, அதன் தண்ணீரைக் குடித்து, அதன் புழுதி நுரையீரலில் படிய ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வரும் ஆறு பேரை எத்தனை காலம் அடைப்பார்கள், யார் முடிவெடுப்பார், பெற்றோரைக் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்துவார்களா, வெளியே விடவே கூடாது என்று ஒரு தரப்பு வழக்குப் போடுமா? இளைஞர்களையும் கோளையும் வைத்து எழுதுகிறவர்களில் யாராவது இந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்கினால், முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.